பழங்குடியினர் நடத்தும் மீன்குஞ்சுப் பொரிப்பகம்: திட்ட நிலையிலேயே அறிவியல் மதிப்பாய்வு தேவையா?

அம்பை ஆசிரியர் (அம்பாசமுத்திரம்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் அம்பாசமுத்திரம் வட்டாரப் பள்ளிகளில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தாமிரபரணியின் காரையாறு அணைப்பக்கம் வாழும் காணிப் பழங்குடி மக்களில், என்னிடம் படித்த இளைஞர்கள் சிலர், அணை நீரில் விடுவதற்கான மீன்குஞ்சுகளைத் தாங்களே உற்பத்தி செய்யும் ஒரு சிறிய பொரிப்பகத்தை அமைக்க விரும்புகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளில் கிடைக்கும் மீன் முதலானவற்றின் மீது வனவாழ் மக்களுக்குள்ள சமூக உரிமையை ஏற்றுக்கொள்வதால், அந்த உரிமையைப் பிழைப்பாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். திட்ட அறிக்கையை எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

முன்மாதிரி தேடிப் படித்தபோது, அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா ஆற்றுப் படுகையில் பழங்குடியினரே நடத்தும் பொரிப்பகங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். யகிமா, நெஸ் பெர்ஸ், யுமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய நான்கு மக்களும் 1855-இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தபோதும், வழக்கமாக மீன் பிடித்துவந்த துறைகளில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை மட்டும் கைவிடவில்லை. பின்னர் அந்த ஆற்றின் குறுக்கே அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன்பிடித் துறையாகவும் பல இனத்தாரும் கூடும் சந்தையாகவும் விளங்கிய செலிலோ அருவி, 1957 மார்ச்சில் டால்ஸ் அணையின் நீர் ஏறிய சில மணி நேரத்தில் மூழ்கிப்போனது. உரிமை உடன்படிக்கையில் அப்படியே இருந்தது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீன்தான் பிடிப்பதற்கு இல்லை. அந்த மீனை மீட்டெடுக்கத்தான் அம்மக்கள் பொரிப்பகங்களைக் கட்டியிருக்கிறார்கள்.

என்னைத் தடுமாற வைப்பது இதற்கு அடுத்த செய்தி. அம்மக்கள் எழுதும் ஒவ்வொரு பொரிப்பகத் திட்டமும் தனி அறிவியலாளர் குழு ஒன்றின் முன் வைக்கப்பட்டு, பக்கம் பக்கமாகக் கேள்விகள் கேட்கப்பட்டு, அவற்றுக்கு எழுத்தில் பதில் தந்த பிறகே அடுத்த நிலைக்குப் போகிறதாம். பிறர் கட்டிய அணையால் மீனை இழந்தவர்கள், அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் பிறரிடம் தேர்வு எழுத வேண்டுமா? "வெளியூர்ப் பண்ணையிலிருந்து லாரியில் குஞ்சு வந்து அணையில் இறங்கும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை; காணிக்காரர் செய்தால் மட்டும் ஆயிரம் கேள்வியா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே எண்ணுகிறேன். ஆனாலும் விலங்கியல் படித்தவன் என்ற முறையில், குஞ்சை எண்ணிக் கொட்டுவதோடு காரியம் முடிந்துவிடாது என்ற உறுத்தலும் எனக்கு இருக்கிறது.

அந்த அறிவியலாளர்கள் உண்மையில் எதைத்தான் பார்க்கிறார்கள், அந்த மதிப்பாய்வினால் பழங்குடியினருக்கு நன்மை உண்டா, நம் தாமிரபரணியில் இப்படி ஒரு திட்டம் வந்தால் எந்தக் கேள்விகளுக்கு முதலில் விடை தேட வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மீன்வள ஆய்வாளர் (தூத்துக்குடி) எழுதியது:

வணக்கம் ஐயா. நன்னீர் மீன்களின் மரபியலைப் படித்தவள் என்பதால் இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

அந்தக் குழு பழங்குடியினரைச் சோதிப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. 1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய வடமேற்கு மின்சாரச் சட்டம், கொலம்பியா அணைகளால் மீன்வளத்துக்கு நேர்ந்த இழப்பை மின்விற்பனை வருவாயிலிருந்தே ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்தது. வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு மாநிலங்களின் கூட்டு மன்றம் திட்டங்களைப் பரிந்துரைக்கிறது. அந்த அணைகளின் மின்சாரத்தை விற்கும் அரசு அமைப்பான போனவில் மின் நிர்வாகம் பணம் தருகிறது. இவ்வளவு பணம் செலவாகியும் ஆற்றில் மீன் பெருகியதா என்ற கேள்வி எழுந்த பிறகு, 1996-இல் சட்டத்தைத் திருத்தி, 11 பேர் கொண்ட சுயேச்சை அறிவியல் மதிப்பாய்வுக் குழுவை ஏற்படுத்தினார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் தரும் பெயர்களிலிருந்துதான் அதன் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு வரும் மாநில அரசுத் துறையின் திட்டமானாலும், பல்கலைக்கழகத்தின் திட்டமானாலும், பழங்குடியினரின் திட்டமானாலும் குழு கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். ஆகவே உங்கள் மாணவர் கேட்டதற்கு என் பதில் இது: காணி மக்களின் திட்டத்தைக் கேள்வி கேட்பதில் அநீதி இல்லை, லாரியில் வரும் குஞ்சுகளைக் கேள்வி கேட்காமல் விடுவதுதான் அநீதி.

சட்டம் அந்தக் குழுவுக்குத் தந்த அளவுகோல் சுருக்கமானது. திட்டம் சரியான அறிவியல் அடிப்படையில் அமைந்திருக்க வேண்டும். மீனுக்கும் பிற வன உயிர்களுக்கும் பயன் தர வேண்டும். நோக்கமும் எதிர்பார்க்கும் விளைவும் தெளிவாக வரையறுக்கப்பட்டு, விளைவைக் கண்காணித்து மதிப்பிடும் ஏற்பாடும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் குழுவுக்குக் கிடையாது. மன்றம்தான் முடிவு செய்யும். ஆனால் குழுவின் பரிந்துரையை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்பதை மன்றம் எழுத்தில் விளக்கியாக வேண்டும். குழுவின் அறிக்கைகள் யாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. புதிதாகக் கட்டப்படும் பொரிப்பகங்களுக்கு மூன்று படிகள் உண்டு. முதற்படியில் கருத்தளவிலான முதன்மைத் திட்டம், இரண்டாம் படியில் முதனிலை வடிவமைப்பும் சுற்றுச்சூழல் ஆய்வும், மூன்றாம் படியில் இறுதி வடிவமைப்பு. கட்டடம் எழுந்த பிறகு "இது தேவைதானா" என்று கேட்பதில் பொருளில்லை என்பதால்தான், செங்கல் வாங்குவதற்கு முன்னரே இந்த ஏற்பாடு.

இனி, அவர்கள் பார்ப்பது எதை என்பதற்கு வருகிறேன். எத்தனை இலட்சம் குஞ்சு விடுவீர்கள் என்பது அவர்களுடைய முதல் கேள்வியாக இருப்பதில்லை. ஆற்றில் மீன் குறைந்ததற்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் நீங்கிவிட்டதா, நீங்கவில்லை என்றால் விடப்படும் குஞ்சு எதை நம்பிப் பிழைக்கும், ஆற்றிலேயே பிறந்த மீன்களுக்குப் பொரிப்பக மீன்களால் கேடு வருமா என்பவையே முதலில் வருகின்றன. கடைசிக் கேள்விக்கு வலுவான காரணம் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில், சால்மனைப் போலவே கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன்களின் பெற்றோரை மரபணு மூலம் கண்டறிந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் இனம்பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதாகக் காட்டியது. தொட்டியில் நன்றாகப் பிழைக்கும் பண்புகள் ஆற்றில் பிழைக்க உதவுவதில்லை. அந்தப் பண்புகள் கொண்ட மீன்கள் ஆற்று மீன்களோடு கலந்தால், பாதிப்பு ஆற்று மீன்களையும் சேர்கிறது.

இதற்கு யகிமா மக்கள் செய்த ஏற்பாட்டை நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துச் சொல்வேன். யகிமா ஆற்றின் மேற்பகுதியில் க்ளி எலம் என்ற இடத்தில் 1997-இல் அவர்களுடைய சினூக் சால்மன் பொரிப்பகம் செயல்படத் தொடங்கியது. குஞ்சு உற்பத்திக்கு ஆற்றிலேயே பிறந்து திரும்பி வந்த மீன்களை மட்டுமே தாய்மீன்களாக எடுத்துக்கொள்வார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் திரும்பி வந்தால், அது ஆற்றில் முட்டையிடலாம், ஆனால் மீண்டும் பொரிப்பகத்துக்குள் நுழையக்கூடாது. வந்த ஆற்று மீன்களில் பாதிக்கு மேல் பிடிப்பதுமில்லை. பக்கத்திலுள்ள நாச்சஸ் ஆற்றில் குஞ்சே விடாமல் அதை ஒப்பீட்டுக்காக ஒதுக்கி வைத்தார்கள். மழை, கடல் நிலை, அணை நீர் என எல்லாம் ஆண்டுக்காண்டு மாறும்போது, யகிமாவில் மீன் கூடியது பொரிப்பகத்தாலா, நல்ல பருவத்தாலா என்பதை நாச்சஸை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். அதற்கும் மேலாக, பொரிப்பக மீன்களிலிருந்தே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்படும் ஒரு தனி வரிசையையும் ஒதுக்கி வளர்த்து, வளர்ப்புச் சூழல் மீனை எவ்வளவு மாற்றுகிறது என்று அளந்தார்கள். தன் மக்களுக்கு மீன் வேண்டும் என்று தொடங்கிய ஓர் இனம், தன் முயற்சியின் தீங்கையும் தானே அளந்து பார்க்க ஒப்புக்கொண்டது பெரிய செயல்.

காரணம் நீங்கவில்லை என்றால் பொரிப்பகமே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. ஐடஹோவின் கூட்டெனாய் மக்கள் நடத்தும், வெள்ளை ஸ்டர்ஜன் என்ற பெரிய ஆற்று மீனுக்கான பொரிப்பகத்தைப் பாருங்கள். 1970-களில் லிபி அணை வந்த பிறகு ஆற்றின் வெள்ளப்போக்கு மாறி, மீன் முட்டையிட்டும் குஞ்சு தேறுவது ஏறக்குறைய நின்றே போனது. அந்த மீன் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது என்பதால் ஆற்றில் கிழட்டு மீன்கள் மட்டும் தெரிந்தன. 1994-இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பொரிப்பகம் இல்லாதிருந்தால், ஆறு சீராகும் நாளில் முட்டையிட மீனே மிஞ்சியிருக்காது. அதாவது, பொரிப்பகம் ஆற்றைச் சீராக்கும் வேலைக்குக் காலத்தை வாங்கித் தருகிறது. அந்த வேலையைச் செய்து முடிப்பதில்லை. திட்ட அறிக்கையில் இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்திருந்தாலே பாதி மதிப்பாய்வு முடிந்துவிடும்.


கடையம் மீன்பண்ணை எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ஆய்வாளர் அம்மா சொன்னதைப் பண்ணை நடத்துகிறவன் கண்ணால் பார்த்ததாக ஒன்றைச் சேர்க்கிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு எடுக்கும் பண்ணைகளில், மழைக்காலம் தொடங்கியதும் தாய்மீன்களுக்கு மாலையில் ஹார்மோன் ஊசி போட்டு, வட்டத் தொட்டியில் நீர் சுற்றும்படி விடுவோம். விடியற்காலைக்குள் முட்டை வந்துவிடும். ஊசிக்கு முன்பு ஒவ்வொரு மீனையும் ஈரத் துணியில் பிடித்து வயிற்றை மெல்லத் தடவிப் பார்ப்போம். ஆண் மீன் என்றால் ஒரு சொட்டு பால் போல வெள்ளையாக வெளிவரும். நன்றாக வருகிற மீனை மட்டும் தனியே எடுத்து வைப்போம். இப்போது கவனியுங்கள். எந்த மீனுக்கு எளிதாக வருகிறதோ அதே மீனைத்தான் கை தேடும். அடுத்த முறையும் அதே மீன், அடுத்த ஆண்டும் அதே மீன். பிறகு அந்த மீனின் பிள்ளைகளிலேயே பெரிதாக வளர்ந்ததைத் தாய்மீனாக நிறுத்துவார்கள். வெளியிலிருந்து தாய்மீன் வாங்கினால் செலவு, நோய் வருமோ என்ற பயம். இப்படியே சில தலைமுறை போனால், தொட்டியில் இருப்பதெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 50 பெண் மீனையும் 2 ஆண் மீனையும் வைத்துக் குஞ்சு எடுத்தால், 52 மீன்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் மரபு அளவில் உண்மையான எண்ணிக்கை. அது இங்கே 8-க்கும் குறைவு. அதுவே 25 ஆண், 25 பெண் என்று வைத்தால் முழுதாக 50 வரும். தொட்டியும் தீவனமும் ஏறத்தாழ அதேதான்; ஆணைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை மாற்றினால் போதும். குளத்தில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்பும் மீனில் இந்தக் குறை வளர்ச்சி மந்தமாவதில்தான் முடியும். ஆற்றில் விடப்போகிற குஞ்சில் இந்தக் குறை இருந்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. ஆகவே திட்ட அறிக்கையில் தொட்டியின் நீள அகலத்தை எழுதுவதற்கு முன், தாய்மீன் எங்கிருந்து வரும், எத்தனை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்பதை எழுதுங்கள்.

நோய் பற்றியும் ஒரு சொல். வெளிப் பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி வளர்த்து அணையில் விடும் யோசனை இருந்தால், தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காமல் விடவே கூடாது. மீன் பேன் ஏறிய ஒரு சுமை குஞ்சு போதும், ஒரு நீர்நிலையைக் கெடுக்க. குஞ்சோடு குஞ்சாக ஜிலேபிக் கெண்டை கலந்து வருவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அது ஒருமுறை பெருகிவிட்டால் பிறகு வலை போட்டு ஒழிக்க முடியாது.


பாபநாசம் வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். வன உரிமை தொடர்பாகக் காணிக் குடியிருப்புகளில் பணியாற்றியவள் நான். அறிவியல் பக்கத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மதிப்பாய்வில் யாருடைய கேள்விகள் இடம்பெறுகின்றன என்பதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

கொலம்பியாப் படுகையிலேயே எல்லாப் பழங்குடியினரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொரிப்பக மீனை அடையாளம் காண அதன் முதுகின் பின்புறமுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவது அங்கே பெருவழக்கம். அப்போதுதான் பிடிப்பவர் வெட்டுப்பட்டதை வைத்துக்கொண்டு, வெட்டுப்படாத ஆற்று மீனை விட்டுவிட முடியும். உடன்படிக்கை உரிமையுள்ள மக்கள் பலர் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார்கள். திரும்பி வரும் மீனைத் தரம் பிரிப்பதும், பிடித்த மீனைக் காயப்படுத்தி மீண்டும் நீரில் எறிவதும் அவர்களுக்கு உடன்பாடில்லை. ஆற்றில் முட்டையிடத்தான் மீன் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஆனால் அதே படுகையில் கோல்வில் மக்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். சீஃப் ஜோசப் அணைக்குக் கீழே 2013-இல் திறந்த தங்கள் பொரிப்பகத்தின் மீன்களுக்கு அடையாளமிட்டு, மீனைக் காயமின்றி உயிரோடு வளைக்கும் சுருக்கு வலைகளைப் பயன்படுத்தி, ஆற்று மீனைத் தனியே பிரித்து விடுகிறார்கள். இரு தரப்பும் அறிவியலைப் படித்தவர்கள்தான். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவர்கள் வேறுபட்டார்கள். அந்த முடிவை எந்த மதிப்பாய்வுக் குழுவும் அவர்களுக்காக எடுக்க முடியாது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். திட்ட அறிக்கை ஐயாவின் கையெழுத்தில் வந்து, கேள்விகள் ஆங்கிலத்தில் வந்து, பதிலும் ஐயாவே எழுதினால், காணி மக்கள் தங்கள் திட்டத்துக்குத் தாங்களே வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். மதிப்பாய்வாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தமிழில் எழுதப்பட்டுக் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்; குடித்தலைவரான மூட்டுக்காணி உள்ளிட்ட பெரியவர்கள் தரும் பதில் அவர்கள் பெயரிலேயே பதிவாக வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. எந்த ஓடையின் எந்தச் சரளைப் படுகையில், முதல் வெள்ளம் வடிந்த எத்தனையாவது நாளில் பெரிய கெண்டைகள் ஏறி வருகின்றன என்பதை ஒரு பெரியவர் கரையில் நின்று விரலால் சுட்டிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நீர் கணுக்கால் அளவே ஓடிய இடம் அது. சற்று மேலே, பாறை இடுக்கில் சருகு அடைத்துக் கிடந்ததைக் காட்டி, இது அடைபட்டால் மீன் ஏறாது என்றும் சொன்னார். எந்த ஆய்வறிக்கையிலும் இந்த இரண்டு வரிகள் இல்லை. முட்டையிடும் இடம் எது என்பது மதிப்பாய்வுக் குழு கட்டாயம் கேட்கும் கேள்வி என்றால், அதற்கு விடை அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. காரையாறு, சேர்வலாறு இரண்டும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. உரிமை இருந்தாலும், புதிய கட்டடம் கட்டுவதும் வெளியிலிருந்து உயிரினங்களைக் கொண்டுவந்து விடுவதும் வனத்துறையின் அனுமதியின்றி நடக்காது. எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில் என்று ஒரு மதிப்பாய்வு முன்கூட்டியே நடந்திருந்தால், "யோசனையில்லாமல் கேட்கிறார்கள்" என்று சொல்லி ஒரே வரியில் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே மதிப்பாய்வு காணி மக்களின் கையை வலுப்படுத்தும் என்றே நான் நம்புகிறேன்.


அம்பை ஆசிரியர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும் என்ற யோசனையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பதில்களை நான் எழுதமாட்டேன். அவர்கள் சொல்ல, அவர்களில் ஒருவரே எழுதட்டும்.

ஆய்வாளர் அம்மாவிடம் மேலும் ஒரு கேள்வி. இளைஞர்களுக்கு இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. கட்லா, ரோகு குஞ்சு எடுத்து அணையில் விட்டால் விரைவில் எடை வரும், விற்றால் பணம் வரும் என்பது ஒன்று. ஆற்றின் சொந்த மீனான மஹசீர் போன்ற பெருங்கெண்டைகளைப் பெருக்கினால் ஆற்றுக்கும் நல்லது, பெயரும் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நான் ஊக்கப்படுத்த நினைத்தேன். சரிதானா?


மீன்வள ஆய்வாளர் (தூத்துக்குடி) எழுதியது:

ஐயா, இரண்டாவது எண்ணம்தான் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டிலும் அதிகக் கவனம் தேவைப்படுவதும் அதற்குத்தான். நம் பக்கத்திலேயே நடந்த காவிரியின் கதையைச் சொன்னால் விளங்கும்.

மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் நீலத்துடுப்பு மஹசீரைச் செயற்கை முறையில் பொரிக்கக் கற்றுக்கொண்டார்கள். அது பெரிய சாதனை. மஹசீர் குறைந்து வருகிறது என்ற அக்கறையோடு, அந்தக் குஞ்சுகள் 1970-களிலிருந்து காவிரி உள்ளிட்ட பல ஆறுகளில் விடப்பட்டன. காவிரிக்கென்று சொந்தமாகத் திமில் முதுகுள்ள மஹசீர் ஒன்று இருந்தது. உலகிலேயே பெரிய மஹசீர்களில் ஒன்று என்று தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன் அது. பல ஆண்டுகளின் தூண்டில் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகப் பெருகத் திமில் முதுகு மீன் அரிதாகிக்கொண்டே போனது தெரியவந்தது. அது எந்த இனம், அதன் அறிவியல் பெயர் என்ன என்பதே 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. மணல் அள்ளுதலும் வெடி வைத்து மீன் பிடித்தலும் அணைகளும் சேர்ந்தே அந்த மீனை வதைத்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் தன் ஆற்றில் இருப்பது எந்த மீன் என்று பெயர் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, அதைக் காப்பாற்றுவதாக எண்ணி வேறொரு மீனைக் கொண்டுவந்து விட்டோம். ஒரு மதிப்பாய்வுக் குழு இருந்திருந்தால், விடப்படும் மீனும் ஆற்றிலுள்ள மீனும் ஒன்றுதானா என்பதை முதல் பக்கத்திலேயே கேட்டிருக்கும்.

தாமிரபரணி சிறிய ஆறுதான். ஆனால் அதற்கே உரிய மீன்கள் பல உண்டு. தாமிரபரணியின் பெயரைத் தாங்கிய கெண்டை 1954-இல் விவரிக்கப்பட்டது; கன்னிகட்டி என்ற இடத்தின் பெயரைத் தாங்கிய சிறு கெண்டை 2003-இல்தான் விவரிக்கப்பட்டது. இன்னும் விவரிக்கப்படாதவை இருக்கவும் கூடும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். அவற்றை அணையில் விடுவதென்றால், அணைக்கு மேலேயுள்ள ஓடைகளுக்குள் அவை ஏறுகின்றனவா, சிறு மீன்களின் உணவில் பங்கு கேட்கின்றனவா என்பதைப் பார்த்தாக வேண்டும். பிழைப்புக்காக அவற்றை வளர்ப்பதென்றால், ஆற்றோடு தொடர்பில்லாத குளங்களில், காப்பகத்துக்கு வெளியே வளர்ப்பதுதான் என் கருத்தில் பாதுகாப்பானது; கடையம் அண்ணாச்சி போன்றவர்கள் அதற்குக் கற்றுத்தரவும் முடியும்.

மஹசீருக்கு வருவோம். அது ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் கட்லாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஓடும் நீரும் சரளைக்கல்லும் இல்லாமல் அந்த முட்டை தேறாது. காரையாறு அணைச் சுவர் ஆற்றை இரண்டாகப் பிரித்துவிட்டது. அதற்குக் கீழே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். பாபநாசம் படித்துறையில் மக்கள் போடும் பொரியைத் தின்னக் கூடி வரும் பெரிய மீன்களும் அணைக்கு மேலேயுள்ள மீன்களும் இன்னமும் ஒரே இனக்கூட்டம்தானா, பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டதா என்பது மரபணுவைப் பார்க்காமல் தெரியாது. கீழிருந்து தாய்மீன் பிடித்து மேலே குஞ்சு விடலாமா என்பது அந்த விடையைப் பொறுத்தது. இதே போன்ற நிலையில் நெஸ் பெர்ஸ் மக்கள் இருந்தார்கள். 1990-இல், கொலம்பியாவில் கலக்கும் ஸ்நேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையைக் கடந்த, இலையுதிர்காலத்தில் திரும்பும் இயற்கையான சினூக் சால்மன்கள் வெறும் 78. அவர்களுடைய முயற்சியால் அது பின்னர் ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. ஆனால் அவர்கள் அந்த ஆற்றின் மீன் வரிசையையே பயன்படுத்தினார்கள். எண்ணிக்கை கூடிய பிறகும், அதில் ஆற்றிலேயே பிறந்தவை எத்தனை என்ற கேள்வியை மதிப்பாய்வுக் குழு விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே திட்டத்தின் முதல் கட்டத்தில் பொரிப்பகம் வேண்டாம் என்பது என் பரிந்துரை. இரண்டு மழைப்பருவங்களும் நம் ஆற்றுக்கு உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் முழுதாகக் கடந்துபோகும்வரை, காணி இளைஞர்களே ஊதியம் பெற்று ஓடைகளைக் கண்காணிக்கட்டும். முட்டையிடும் படுகைகளைப் பெரியவர்களின் துணையோடு வரைபடத்தில் குறிக்கட்டும். மீனைக் கொல்லாமல் துடுப்பின் நுனியில் சிறு துணுக்கு மட்டும் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். அதற்குத் தேவையான அனுமதிகளையும் ஆய்வக உதவியையும் பல்கலைக்கழகங்கள் வழியாகப் பெற முடியும். ஓர் ஓடையை எதுவும் செய்யாமல் ஒப்பீட்டுக்காக ஒதுக்கிவிடுங்கள். நாச்சஸ் ஆற்றை யகிமா மக்கள் ஒதுக்கியது போல. எந்த நிலை வந்தால் பொரிப்பகம் தொடங்குவோம், எந்த நிலை வந்தால் தொடங்கிய பிறகும் நிறுத்துவோம் என்ற இரண்டையும் இப்போதே எண்ணில் எழுதி வையுங்கள். பணம் செலவான பிறகு நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது என்பதால்தான் இதை முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

கண்காணிப்பில், மீன் குறையவில்லை, முட்டையிடும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று தெரியவந்தால், பொரிப்பகத்துக்கான பணத்தில் ஒரு சிறு பங்கே போதும், அந்த வழிகளைத் திறந்து வைக்கவும், வெடியும் நஞ்சும் போட்டுப் பிடிப்பவர்களைத் தடுக்கக் காவல் போடவும். அதுவும் அந்த இளைஞர்களுக்கே கிடைக்க வேண்டிய வேலைதான்.


அம்பை ஆசிரியர் எழுதியது:

மிக்க நன்றி அம்மா. உங்கள் பதிலை அச்சிட்டு இளைஞர்களிடம் கொடுத்தேன். முதல் கட்டத்தைக் கண்காணிப்புத் திட்டமாகவே எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தங்களுக்கு ஊதியம் உண்டு என்பது அறிக்கையில் தெளிவாக எழுதப்பட வேண்டும், வெறும் வழிகாட்டிகளாகத் தங்களைக் குறிப்பிடக் கூடாது என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. அது முற்றிலும் நியாயமானது. ஒப்பீட்டுக்கு எந்த ஓடையை விடுவது என்பதில் மட்டும் குடியிருப்புக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைக் கிராம சபை கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். வரைவு தமிழில் தயாரானதும் இங்கேயே பதிவிடுகிறேன். மூவரும் கேள்விகளைத் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள்.